பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மக்கர் பண்ணுகிறதா? பிரிப்பதற்கு முன் அறிகுறி வாரியாகப் பார்க்க வேண்டியவை

பழைய ஆட்டோமேட்டிக் வண்டி கியர் மாறும்போது உதைக்கிறது, இல்லை டிரைவில் போட்டாலும் அசைய மாட்டேன் என்கிறது என்றால் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது "பாக்ஸ் போச்சு, இறக்கிடலாம்" என்பதுதான். இறக்க வேண்டிய நிலைமை வரலாம், வராது என்று சொல்லவில்லை. ஆனால் ஆயில் குறைவு, நழுவிய கேபிள், விரிசல் விட்ட வேக்குவம் ட்யூப், செத்துப்போன சென்சார், துருப்பிடித்த எர்த் ஒயர் என்று வெளியிலிருந்தே சரிசெய்துவிடக்கூடிய காரணங்கள் எல்லாமே உள்ளே கிளட்ச் கருகியதைப் போலவே வேஷம் போடும். அதனால் எளிதானதிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே உள்ளே போவோம்.

இங்கே பேசுவது டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகப் பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வைத்த வழக்கமான ஆட்டோமேட்டிக் பற்றி மட்டும். சிவிடி (படிப்படியான கியர் இல்லாத வகை), இரட்டைக் கிளட்ச் வகைகளுக்கு இதில் பாதி பொருந்தாது.

எந்த ஸ்பேனரையும் எடுப்பதற்கு முன் கோளாறு எப்போது வருகிறது என்று கவனியுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமா, அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகா? எல்லா கியரிலுமா, ஒரு குறிப்பிட்ட மாற்றத்திலா, அதாவது இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது மட்டுமா? லேசாக மிதித்தால் வருகிறதா, அழுத்தி மிதித்தாலா? அப்புறம் முக்கியமான ஒன்று: இது தொடங்குவதற்கு முன்னால் வண்டியில் என்ன வேலை நடந்தது? பேட்டரி மாற்றியது, த்ராட்டில் பாடி கழற்றிச் சுத்தம் செய்தது, இன்ஜின் மவுண்ட் மாற்றியது, ஆயில் மாற்றியது, எதுவாக இருந்தாலும் சந்தேகம் முதலில் அந்த வேலை மேல்தான் போக வேண்டும். நல்ல மெக்கானிக் கேட்கப்போகும் கேள்விகளும் இவைதான், பதிலை எழுதி வைத்துக்கொண்டால் உங்களுக்கும் அவருக்கும் நேரம் மிச்சம்.

முதலில் ஆயில், எந்த அறிகுறியாக இருந்தாலும்

ஆட்டோமேட்டிக்கில் ஆயில் வெறும் மசகு இல்லை. பம்ப் உண்டாக்கும் ஆயில் அழுத்தம்தான் கிளட்ச்சை (பாக்ஸுக்குள் கியர்களைப் பிடிக்கும் தட்டுகளை) இறுக்குகிறது, பேண்டை (சுழலும் டிரம்மைச் சுற்றிப் பிடிக்கும் பட்டையை) இழுக்கிறது, கன்வெர்ட்டர் வழியாக இன்ஜின் சக்தியைக் கடத்துகிறது. அளவு குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும், அழுத்தம் விழும், கிளட்ச் வழுக்கும். அளவு கூடினாலும் இதேதான் நடக்கும், ஏனென்றால் சுழலும் பற்சக்கரங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும், நுரைக்கு அழுத்தம் தாங்கும் சக்தி கிடையாது. "கொஞ்சம் அதிகமாகவே இருக்கட்டும்" என்று ஊற்றுவது நல்லதில்லை.

அளக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் சமதளத்தில் நிறுத்தி, நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைகளிலும் ஒரு சுற்று நிறுத்தி நிறுத்திக் கொண்டுபோய், பார்க்கில் போட்டு, இன்ஜின் ஐடிலில் ஓடும்போதே டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். விதிவிலக்குகள் உண்டு. பழைய கிரைஸ்லர் டார்க்ஃப்ளைட் வகைகளில் நியூட்ரலில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், ஹோண்டாவில் பல மாடல்களில் சூடான இன்ஜினை அணைத்துவிட்டு ஓரிரு நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிகளில் அடியில் ஒரு பிளக் இருக்கும். ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது அதைத் திறந்தால் மெல்லிதாக வழிய வேண்டும், அதுதான் அளவு. இதை ஸ்கேனரில் வெப்பநிலை பார்க்காமல் செய்தால் அளவு தப்பாகத்தான் வரும். உங்கள் வண்டிக்கு எது என்பது மேனுவலில் இருக்கும், அதைப் பார்க்காமல் ஊற்ற ஆரம்பிக்காதீர்கள். இன்னொன்று, டிப்ஸ்டிக்கில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே பல வண்டிகளில் சுமார் அரை லிட்டர்தான் வித்தியாசம், எனவே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும்.

அளவு பார்த்தாயிற்று, இப்போது நிறமும் வாடையும். வெள்ளைத் துணியிலோ டிஷ்யூவிலோ ஒரு சொட்டு விடுங்கள். தெளிவான சிவப்பு என்றால் பிரச்சினையில்லை. பழுப்பு என்றால் வயதாகிவிட்டது, அவ்வளவுதான், அதை வைத்து மட்டும் பாக்ஸ் கெட்டது என்று முடிவு கட்ட முடியாது. கருப்பாகி, கருகிய வாடையும் அடித்து, விரலில் தேய்த்தால் நறநறவென்று துகளும் தட்டுப்பட்டால் கிளட்ச் லைனிங் கரைந்து வருகிறது. சில தயாரிப்பாளர்களின் ஆயில் புதிதாகவே சிவப்பாக இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இளஞ்சிவப்பில் பால் கலந்தது போல இருந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டவே ஓட்டாதீர்கள். கூலண்ட் உள்ளே போய்விட்டது. பல வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது, அந்தத் தடுப்பு அரித்துப்போனால் இரண்டும் கலந்துவிடும். 2005 முதல் 2010 வரை வந்த நிசான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா, ஃபிரான்டியர் வண்டிகளில் இது பேர்போன கோளாறு. கிளட்ச் தட்டுகளில் லைனிங்கை ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீரும் கிளைகாலும் இளக்கிவிடும். உடனே கண்டுபிடித்து, ரேடியேட்டரை மாற்றி, ஆயிலை முழுசாகப் பலமுறை மாற்றினால் தப்பிக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது, சில வாரம் ஓட்டியபிறகு என்றால் அந்த வாய்ப்பும் இல்லை.

எந்த ஆயில் என்பதில் கறாராக இருங்கள். கிரைஸ்லருக்கு ஏடிஎஃப் பிளஸ் 4, டொயோட்டாவுக்கு டி-4 அல்லது டபிள்யூஎஸ், ஹோண்டாவுக்கு டிடபிள்யூ-1 என்று ஒவ்வொன்றுக்கும் உராய்வுத் தன்மை வேறு. கிரைஸ்லரின் நாலு கியர் ஏ604 பாக்ஸில் டெக்ஸ்ரான் (ஜெனரல் மோட்டார்ஸ் தர ஆயில்) ஊற்றி, அதனால் வந்த நடுக்கத்துக்குப் பாக்ஸையே பிரித்த கதைகள் ஏராளம். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று எழுதிய பாட்டிலில் உங்கள் வண்டி கேட்கும் தரத்தின் பெயர் தனியாக அச்சிட்டிருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

டிரைவிலும் நகரவில்லை, ரிவர்ஸிலும் நகரவில்லை

நான்கு சக்கர இயக்க வண்டி என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) நியூட்ரலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், நடக்கிற விஷயம்தான். அடுத்து லீவர். உள்ளே லீவர் நகர்கிறது, ஆனால் கியர்பாக்ஸ் பக்கத்தில் கேபிள் இழுக்கும் கை நகர்கிறதா? கேபிள் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் உடைந்து கழன்றுவிட்டால் நீங்கள் டிரைவில் போட்டாலும் பாக்ஸ் நியூட்ரலிலேயே நிற்கும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து லீவரை நகர்த்த, இன்னொருவர் இன்ஜின் அணைந்த நிலையில் வெளியே பார்த்தால் இது தெரிந்துவிடும்.

மூன்றாவது, முன்சக்கர இயக்க வண்டிகளில் ஆக்சில் ஷாஃப்ட் உள்பக்கம் கழன்று வந்திருந்தால் அறிகுறி அப்படியே "பாக்ஸ் போச்சு" மாதிரிதான் இருக்கும். டிரைவில் ஸ்பீடோமீட்டர் முள் ஏறுகிறது, வண்டி நகரவில்லை என்றால் பாக்ஸ் வேலை செய்கிறது, கோளாறு அதற்குப் பிறகு எங்கோ.

இதெல்லாம் சரி என்றால் பம்ப். இன்ஜின் அணைந்திருக்கும்போது டிப்ஸ்டிக்கில் மட்டம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், ஸ்டார்ட் செய்து சில விநாடி கழித்து மறுபடி பாருங்கள். பம்ப் இழுத்தால் கன்வெர்ட்டருக்கும் குழாய்களுக்கும் ஆயில் ஏறி மட்டம் கீழே இறங்க வேண்டும். இறங்கவே இல்லை என்றால் ஃபில்டர் முழுசாக அடைத்திருக்கலாம், அல்லது பம்பைச் சுழற்றும் கன்வெர்ட்டர் கழுத்து உடைந்திருக்கலாம். முதலாவது பான் (பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டு) கழற்றினால் தீரும், இரண்டாவதுக்குப் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் போகிறது

ரிவர்ஸ் வருகிறது, டிரைவில் இல்லை. அப்படியென்றால் லீவரை 1-ல், அதாவது லோ நிலையில் வைத்துப் பாருங்கள். இந்த ஒரு சோதனைக்கு எந்தச் சாமானும் வேண்டாம், ஆனால் சொல்வது நிறைய. டிரைவில் முதல் கியர் பல பாக்ஸ்களில் ஒருவழிக் கிளட்ச்சை, அதாவது ஸ்ப்ராக்கை நம்பித்தான் பிடிக்கிறது. லோவில் வைத்தால் அதோடு கூட லோ-ரிவர்ஸ் கிளட்ச்சோ பேண்டோ சேர்ந்து பிடிக்கும். எனவே டிரைவில் நகராமல் லோவில் நகர்ந்தால் ஸ்ப்ராக் போயிருக்கிறது. லோவிலும் இல்லை, ரிவர்ஸ் மட்டும் இருக்கிறது என்றால் ஃபார்வர்டு கிளட்ச் மேல்தான் சந்தேகம்.

முன்னால் நன்றாகப் போகிறது, ரிவர்ஸ் மட்டும் இல்லை என்றால் லோவில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். இன்ஜின் பிரேக் பிடிக்கிறதா? பிடித்தால் லோ-ரிவர்ஸ் உயிரோடு இருக்கிறது, ரிவர்ஸுக்கே உரிய கிளட்ச்சைப் பார்க்க வேண்டும். பிடிக்காமல் வண்டி சும்மா உருண்டால் லோ-ரிவர்ஸ்தான். பாக்ஸ் உள்ளே அதிக அழுத்தம் கேட்பது பெரும்பாலும் ரிவர்ஸில்தான், அதனால் பம்ப் பலவீனமானாலோ சீல்கள் கசிந்தாலோ முதலில் அடிபடுவதும் ரிவர்ஸ்.

காலையில் டிரைவில் போட்டதும் கொஞ்ச நேரம் யோசிக்கிறது

ஒரு விநாடிக்குள் பிடித்தால் சரி. இரண்டு விநாடிக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற பிறகு முதல் தடவை மட்டும் தாமதம், அப்புறம் நாள் முழுக்க ஒழுங்கு என்றால் கன்வெர்ட்டரில் இருந்த ஆயில் பானுக்கு இறங்கிவிடுகிறது. எரிச்சல்தான், ஆபத்தில்லை. ஸ்டார்ட் செய்து பார்க்கிலோ நியூட்ரலிலோ அரை நிமிடம் விட்டுவிட்டு டிரைவில் போடுங்கள்.

குளிர்ந்திருக்கும்வரை ஒவ்வொரு தடவையும் தாமதம், சூடானதும் போய்விடுகிறது என்றால் உள்ளே ரப்பர் சீல்கள் இறுகிவிட்டன. சீலை மிருதுவாக்கும் திரவங்கள் சந்தையில் உண்டு, அவை சில மாதம் காலத்தைத் தள்ள உதவலாம். ஆனால் "வழுக்கலை நிறுத்தும்" என்று விற்கும் கெட்டியான திரவங்கள் மேல் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை, தேய்ந்த லைனிங்கைப் பாட்டில் திரும்ப வளர்க்காது.

ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

வழுக்கல். ஆயில் அளவு சரியாக இருந்தும் வழுக்கினால் எப்போது என்பதுதான் துப்பு. எல்லா கியரிலும் வழுக்கினால் அழுத்தமே குறைவு: ஃபில்டர், பம்ப், பிரஷர் ரெகுலேட்டர், த்ராட்டில் கேபிள். சூடானபிறகு மட்டும் என்றால் ஆயில் இளகியதும் தேய்ந்த சீல்கள் வழியாக அழுத்தம் ஓடிவிடுகிறது. ஒரே கியரில் மட்டும் என்றால் அந்தக் கியருக்குப் பிடிக்கிற கிளட்ச் அல்லது பேண்ட்.

இந்தக் கடைசி வகைக்கு உங்கள் பாக்ஸின் "எந்தக் கியரில் எது பிடிக்கும்" என்ற அட்டவணையைத் தேடி எடுங்கள். எதைத் தொட வேண்டும் என்று அந்த ஒரு பக்கமே சொல்லிவிடும். உதாரணமாக ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4-ல் ஒரே பேண்ட்தான் இரண்டாவது கியரிலும் நாலாவதிலும் பிடிக்கிறது. ஒன்றும் மூன்றும் நன்றாக இருந்து இரண்டும் நாலும் மட்டும் இல்லை என்றால் பாக்ஸ் முழுக்கக் குறை சொல்ல வேண்டியதில்லை, அந்தப் பேண்ட் அல்லது அதைத் தள்ளும் சர்வோ. டார்க்ஃப்ளைட், ஃபோர்டு சி4, சி6 போன்ற பழையவற்றில் பேண்டை இறுக்க வெளியிலேயே ஒரு திருகு உண்டு. மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்கி, சொன்ன சுற்று தளர்த்தி, லாக் நட்டைப் போட்டால் சில சமயம் வழுக்கல் அங்கேயே முடிந்துவிடும்.

டிரைவில் பிரேக்கை முழுசாக மிதித்து ஆக்சிலரேட்டரையும் முழுசாக மிதிக்கும் ஸ்டால் சோதனையை எங்கும் பரிந்துரைப்பார்கள். ஐந்து விநாடிக்கு மேல் போனால் ஆயில் கொதித்துவிடும், பிரேக் நழுவினால் வண்டி பாய்ந்துவிடும். ஏற்கெனவே சந்தேகத்தில் இருக்கிற பழைய பாக்ஸில் இதைச் செய்வது எனக்கு உடன்பாடில்லை. பிரஷர் கேஜ் இருப்பவரிடம் கொடுத்து அழுத்தத்தை அளப்பது இதைவிட நல்லது, பாக்ஸின் பக்கவாட்டில் அதற்கென்றே ஒரு துளை பிளக் போட்டு வைத்திருப்பார்கள்.

தாமதமாக மாறுகிறது, மாறும்போது உதைக்கிறது

கம்ப்யூட்டர் இல்லாத பழைய பாக்ஸ்களில் இந்த அறிகுறிதான் அதிகம், பாக்ஸுக்கு வெளியே தீர்கிற வாய்ப்பு அதிகம் உள்ளதும் இதுதான். டிரைவர் எவ்வளவு மிதிக்கிறார் என்று பாக்ஸுக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்வது ஒன்று இன்ஜினின் வேக்குவம், அல்லது த்ராட்டிலில் கட்டிய கேபிள்.

வேக்குவம் வகை, டிஎச்350, டிஎச்400, சி4, சி6 போன்றவை: பாக்ஸ் ஓரத்தில் சின்ன டப்பா மாதிரி மாடுலேட்டர் இருக்கும், அதற்கு இன்ஜினிலிருந்து ஒரு ட்யூப் வரும். அந்த ட்யூப் கழன்றாலோ வெடித்தாலோ டிரைவர் எப்போதும் முழுசாக மிதிக்கிறார் என்று பாக்ஸ் நினைத்துக்கொள்ளும், கியர் தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் மாறும். ட்யூபைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சிவப்பு ஆயில் ஈரம் இருந்தால் மாடுலேட்டரின் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது, இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சி எரித்துக்கொண்டிருக்கிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை, கீழே ஒரு சொட்டு லீக் இல்லை, ஆனால் ஆயில் மட்டும் குறைந்துகொண்டே போகிறது என்ற மர்மத்துக்கு விடை பெரும்பாலும் இதுதான். ஒரே போல்ட்டிலோ திருகிக் கழற்றியோ மாற்றிவிடலாம். ட்யூபில் வேக்குவம் கேஜ் வைத்தால் ஆரோக்கியமான இன்ஜினில் ஐடிலில் ஏறக்குறைய 17 முதல் 21 அங்குலம் பாதரசம் காட்டும். அதைவிட ரொம்பக் குறைந்தால் பாக்ஸை விட்டுவிட்டு இன்ஜினைப் பாருங்கள்.

கேபிள் வகை: இறுக்கமாக இருந்தால் தாமதமான முரட்டு மாற்றம். தளர்ந்திருந்தால் சீக்கிரமாக, வழவழவென்று, கேட்பதற்கு இதமாக மாறும், அந்த இதத்தில்தான் ஆபத்து இருக்கிறது. 700ஆர்4, 200-4ஆர் ஆகியவற்றில் இந்தக் கேபிள் கிக்டவுனுக்கு (அழுத்தி மிதித்ததும் கீழ் கியருக்கு இறங்குவதற்கு) மட்டுமல்ல, பாக்ஸின் மொத்த அழுத்தத்தையும் இதுதான் தீர்மானிக்கிறது. கார்புரேட்டர் மாற்றியபோது கேபிளைச் சரியாக மாட்டாமல் ஓட்டினால் மூன்று-நாலு கிளட்ச் கொஞ்ச தூரத்திலேயே கருகிவிடும். ஆக்சிலரேட்டர் முழுசாக மிதிபடும்போது கேபிளும் முழு நீளம் இழுபடுகிறதா என்று பாருங்கள், அளவை மேனுவல்படி வையுங்கள், கைக்கணக்கில் வேண்டாம்.

மேல் கியருக்கே போகவில்லை, அல்லது நின்ற இடத்திலிருந்தே மேல் கியரில் கிளம்புகிறது என்றால் பின்பக்கம் இருக்கும் கவர்னர் (வண்டியின் வேகத்தை ஆயில் அழுத்தமாகப் பாக்ஸுக்குச் சொல்லும் பாகம்) சிக்கியிருக்கலாம். பல பாக்ஸ்களில் ஒரு மூடியைக் கழற்றினாலே வெளியே எடுத்துச் சுத்தம் செய்ய முடியும்.

பார்க்கிலிருந்து டிரைவுக்குப் போடும்போது மட்டும் "டங்" என்று விழுகிறதா? ஐடில் வேகம் அதிகமா, இன்ஜின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட் கிழிந்திருக்கிறதா, புரொப்பெல்லர் ஷாஃப்ட் யூ-ஜாயின்ட் ஆடுகிறதா என்று பாருங்கள். பாக்ஸ் மேல் பழி போட அவசரம் வேண்டாம்.

ஒரே கியரில் மாட்டிக்கொண்டது

எலக்ட்ரானிக் கட்டுப்பாடு வந்த பிறகு, ஏறக்குறைய 1980களின் கடைசியிலிருந்து, இதுதான் அடிக்கடி வருகிற புகார். கம்ப்யூட்டர் ஏதோ தவறைப் பார்த்துச் சோலனாய்டுகளுக்கு (ஆயில் வழிகளைத் திறந்து மூடும் மின் வால்வுகளுக்கு) மின்சாரத்தை நிறுத்திவிடும். பாக்ஸ் முழு அழுத்தத்தோடு இரண்டாவதிலோ மூன்றாவதிலோ நிற்கும், வீடு போய்ச் சேரலாம். சாவியை அணைத்துப் போட்டால் சரியாகி மறுபடி வந்தால் கிளட்ச்சை விட மின்சாரம் மேல்தான் எனக்குச் சந்தேகம் போகும்.

ஸ்கேனர் போட்டதும் பி0700 வந்தால் அதைப் பார்த்து எதையும் வாங்காதீர்கள். "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் ஒரு தகவல் இருக்கிறது, போய்க் கேள்" என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. அந்தக் கம்ப்யூட்டரையும் படிக்கத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும். அங்கே பி0715 என்றால் உள்வரும் வேக சென்சார், பி0720 என்றால் வெளிச்செல்லும் வேக சென்சார், பி0705 என்றால் லீவர் நிலையைச் சொல்லும் ஸ்விட்ச், பி0750, பி0755 போன்றவை சோலனாய்டுகள். பி0730 வந்தால் கியர் விகிதம் ஒத்துவரவில்லை, அது உண்மையான வழுக்கலாகவும் இருக்கலாம். அமெரிக்கச் சந்தைக் கார்களில் 1996-க்கு முந்தியவற்றில் ஸ்கேனர் பெரும்பாலும் உதவாது. டொயோட்டாவில் "ஓ/டி ஆஃப்" விளக்கும் ஹோண்டாவில் "டி4" விளக்கும் சிமிட்டும், அந்தச் சிமிட்டலை எண்ணித்தான் படிக்க வேண்டும்.

பாகம் வாங்குவதற்கு முன் மின்சாரத்தின் அடிப்படைகளைப் பாருங்கள். பேட்டரி, ஆல்டர்னேட்டர் வோல்டேஜ். பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் ஒயர். பாக்ஸில் குத்தியிருக்கும் பெரிய கனெக்டர், அதைக் கழற்றினால் உள்ளே ஆயில் ஊறியிருக்கிறதா, பின் பச்சை பிடித்திருக்கிறதா. சோலனாய்டுகளை அந்தக் கனெக்டரிலிருந்தே மல்டிமீட்டரால் அளக்கலாம். ஒரே மாதிரியான இரண்டு சோலனாய்டுகளின் ஓம் அளவை ஒப்பிட்டால் கெட்டது தனித்துத் தெரியும். குளிரில் சரியாக இருந்து சூட்டில் அறுந்துபோகிற காயிலும் உண்டு, எனவே இரண்டு நிலையிலும் அளங்கள்.

ஸ்பீடோமீட்டரும் செத்து, கியரும் குழம்பினால் வெளிச்செல்லும் வேக சென்சாரை முதலில் மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு போல்ட் வேலை.

ஓவர்டிரைவ் வரவில்லை, அல்லது இரண்டு கியருக்கு நடுவே ஊசலாடுகிறது

லீவரில் இருக்கும் ஓவர்டிரைவ் (கடைசி மேல் கியர்) பட்டன் தெரியாமல் அமுங்கியிருக்கிறதா? இல்லை என்றால் இன்ஜின் வெப்பநிலை முள்ளைப் பாருங்கள். இன்ஜின் போதுமான சூட்டுக்கு வரும்வரை பல கம்ப்யூட்டர்கள் ஓவர்டிரைவையும் கன்வெர்ட்டர் லாக்-அப்பையும் (இன்ஜினையும் பாக்ஸையும் நேரடியாகப் பிணைப்பது) அனுமதிக்காது. தெர்மோஸ்டாட் திறந்தே சிக்கிக்கொண்டிருந்தால் இன்ஜின் சூடே ஆகாது, கடைசி கியரும் வராது. ஒரு தெர்மோஸ்டாட்டுக்காகப் பாக்ஸை இறக்கியவர்களும் இருக்கிறார்கள். ஊசலாட்டத்துக்கு த்ராட்டில் பொசிஷன் சென்சார் தேய்ந்திருப்பது வழக்கமான காரணம், மெதுவாக மிதிக்கும்போது வோல்டேஜ் குதிக்காமல் சீராக ஏற வேண்டும்.

சீரான வேகத்தில் போகும்போது நடுக்கம்

மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக மிதித்தபடி போகும்போது, சாலையில் வரிசையாகப் போட்ட சின்னச் சின்ன மேடுகள் மேல் ஏறுவது போல ஒரு அதிர்வு வந்து போகும். கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் சரியாகப் பிடிக்காமல் பிடித்து விடுவதுதான் காரணம், இன்ஜின் மிஸ்ஃபயரும் (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் போவது) இதே மாதிரி தோன்றும். பிரித்தறிய எளிய வழி: நடுக்கம் வரும்போது ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் வண்டி இல்லை என்று பார்த்து, இடதுகாலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் லாக்-அப் விடுபடும், ஆர்பிஎம் கொஞ்சம் ஏறும். நடுக்கம் அந்தக் கணமே நின்றால் லாக்-அப், நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக், காயில், டயர் பக்கம் போங்கள். ஆனால் மிஸ்ஃபயர் சின்னதாக இருந்தால் லாக்-அப் விட்டதும் அதுவும் மறைந்தது போலத் தெரியலாம், ஆகையால் பிளக் பழசு என்றால் அதை முதலில் மாற்றிவிடுங்கள்.

லாக்-அப் நடுக்கத்துக்குச் சரியான தரத்தில் ஆயில் மாற்றுவதே மருந்தாக அமைவது உண்டு. மாற்றியும் நிற்காமல் பி0741 வந்தால் லாக்-அப் சோலனாய்டு, வால்வ் பாடி (ஆயிலைக் கிளட்ச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் வால்வுத் தொகுதி), கடைசியில் கன்வெர்ட்டர்.

இதற்கு நேரெதிராக, லாக்-அப் விடாமல் சிக்கிக்கொண்டால் சிக்னலில் நிறுத்தப் போகும்போது இன்ஜின் நடுங்கி அணைந்துவிடும், மேனுவல் வண்டியில் கிளட்ச் மிதிக்காமல் நிறுத்தினால் ஆவது போல.

சத்தம்

பார்க்கில் நிற்கும்போதே ஊளையிட்டு, ஆர்பிஎம்மோடு ஏறினால் பம்ப் அல்லது அடைத்த ஃபில்டர். ஓடும்போது ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் என்றால் பிளானட்டரி கியர் செட் (கியர் விகிதங்களைத் தரும் பற்சக்கரத் தொகுதி). கியரைப் பொருட்படுத்தாமல் வேகத்தோடு ஏறினால் டிஃபரென்ஷியல், வீல் பேரிங் பக்கம். ஐடிலில் தகரம் தட்டுகிற சத்தம் வந்தால் அடி மூடியைத் திறந்து கன்வெர்ட்டர் போல்ட்டுகள் தளர்ந்திருக்கிறதா, ஃப்ளெக்ஸ் பிளேட்டில் (இன்ஜினையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் தட்டு) விரிசல் இருக்கிறதா பாருங்கள்.

லீக்

முதலில் கழுவித் துடையுங்கள், பிறகு அட்டையை விரித்து இரவு நிறுத்துங்கள். காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகும் என்பதால் ஈரம் தெரிகிற இடத்தில் மிக முன்னால், மிக மேலே இருப்பதுதான் ஊற்று. பான் கேஸ்கெட், லீவர் ஷாஃப்ட் சீல், கூலர் குழாய் முனை, ஆக்சில் சீல் எல்லாம் வெளி வேலை. இன்ஜினும் பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து வந்தால் கன்வெர்ட்டர் சீல், இறக்க வேண்டும், ஆனால் இன்ஜினின் பின் சீல் லீக்கும் அதே இடத்தில்தான் சொட்டும் என்பதால் நிறத்தைப் பாருங்கள். பவர் ஸ்டீயரிங்கிலும் பல வண்டிகளில் இதே சிவப்பு ஆயில்தான்.

பார்க்கிலிருந்து லீவர் வரவில்லை, அல்லது நியூட்ரலில் மட்டும் ஸ்டார்ட் ஆகிறது

பிரேக் மிதித்தால் பின் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் ஃப்யூஸ் அல்லது பிரேக் ஸ்விட்ச், லீவர் பூட்டும் அதே ஸ்விட்ச்சை நம்பியிருக்கிறது. அவசரத்துக்கு லீவர் ஓரத்தில் சின்ன மூடிக்குக் கீழே விடுவிக்கும் துளை பல வண்டிகளில் இருக்கும். சரிவில் நிறுத்தும்போது கைபிரேக் போடாமல் பார்க்கில் மட்டும் விட்டால் வண்டியின் எடை முழுக்க உள்ளே ஒரு சின்னக் கொக்கி மேல் விழும், அதனாலும் லீவர் இறுகும். நியூட்ரலில் மட்டும் ஸ்டார்ட் என்றால் லீவர் நிலை ஸ்விட்ச்சையோ கேபிளையோ சரிப்படுத்தினால் போதும்.

பானைக் கழற்றினால் என்ன பார்ப்பது

வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்தி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஆயில் கைசுடும். பானில் இருக்கும் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருந்தால் அது வழக்கமான தேய்மானம். ஊசி போல, செதில் போல இரும்பு இருந்தால் பற்சக்கரமோ பேரிங்கோ. பித்தளை நிறத் துகள் என்றால் புஷ், த்ரஸ்ட் வாஷர். கருப்பாகக் கட்டிகட்டியாக இருந்தால் கிளட்ச் லைனிங்.

"பழைய ஆயிலை மாற்றினால் பாக்ஸ் போய்விடும், தொடாதே" என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருக்கிற பாக்ஸில் லைனிங் துகள் மிதக்கும் கெட்ட ஆயில்தான் கொஞ்சம் பிடிமானம் கொடுத்துக்கொண்டிருக்கலாம். புதிது ஊற்றியதும் உண்மை நிலைமை வெளியே வருகிறது, பழி ஆயில் மேல் விழுகிறது. வழுக்காத பாக்ஸ் என்றால் எத்தனை வயதானாலும் நான் மாற்றச் சொல்வேன், ஆனால் இயந்திரம் வைத்து அழுத்திக் கழுவாமல், பானிலிருந்து இறக்கி, ஃபில்டர் மாற்றி, இறங்கிய அளவே ஊற்ற வேண்டும். பானில் இறங்குவது பாதிக்கும் குறைவுதான், மீதி கன்வெர்ட்டரில் நிற்கும், எனவே சில நூறு கிலோமீட்டர் ஓட்டி இன்னும் ஓரிரு தடவை செய்தால் பெரும்பகுதி புதிதாகிவிடும்.

இவ்வளவும் பார்த்து, பானில் லைனிங் குவிந்திருக்கிறது, அழுத்தமும் இல்லை என்றால் சரி, இறக்கிவிடலாம். அப்படி இறக்கும்போது கன்வெர்ட்டரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், அதைத் திறந்து கழுவ முடியாது, பழைய இரும்புத் துகள் அதற்குள்ளேயே இருக்கும். கூலர் குழாய்களையும் கூலரையும் கழுவச் சொல்லுங்கள், முடிந்தால் கூலரையே மாற்றிவிடுங்கள். அங்கே தங்கிய குப்பை முதல் நாளே புதிய வால்வ் பாடிக்குத் திரும்பி வரும். வண்டியை அங்கே கொண்டுபோவதற்கு இயங்கும் சக்கரங்களைத் தரையில் உருளவிட்டுக் கட்டி இழுக்காதீர்கள். இன்ஜின் ஓடாதபோது பம்பும் ஓடாது, உள்ளே சுழல்வது எல்லாம் ஆயில் இல்லாமல்தான் சுழலும். சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் வண்டி, இல்லை என்றால் முழுசாக ஏற்றிப் போகும் லாரி.